மலையகப் பங்கொன்றில் ஒரு கர்ப்பகாலம்: நிகழ்வு ஆய்வு

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த கத்தோலிக்கப் பங்கொன்றில், இருபத்தேழு வயதுத் தாய் ஒருவரின் மூன்றாவது கர்ப்பகாலத்தில் பங்குச் சமூகம் எதைச் செய்தது, எதைத் தவறவிட்டது, செய்தவற்றுள் எது உண்மையில் அவருக்குப் பயன்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். யாருடைய அடையாளமும் வெளிப்படாதிருக்கும் பொருட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் நடந்தவற்றை ஒருவருடைய வரலாறாகக் கோத்திருக்கிறேன். ஆகவே பங்கின் பெயரோ தோட்டத்தின் பெயரோ வைத்தியசாலையின் பெயரோ இதில் இடம்பெறாது.

கர்ப்பிணிகளுக்குத் திருச்சபை செய்யும் உதவி என்றால், எங்கள் பங்குகளில் பெரும்பாலும் இரண்டு காரியங்களே நினைவுக்கு வரும்: ஏழாம் மாதமளவில் கோயிலில் ஓர் ஆசீர்வாதம், அதோடு கையில் ஒரு பொருட்பொதி. இரண்டும் நல்லவைதான். ஆனால் இந்தத் தாயின் கர்ப்பத்தில் பங்கு ஆற்றிய பெரிய பணி மூன்றாம் மாதத்திலும், பிள்ளை பிறந்த பிறகு வந்த வாரங்களிலும்தான் நடந்தது. அந்த இரண்டு கட்டத்திலும் புகைப்படம் எடுக்கும்படியாக எதுவும் இருக்கவில்லை.

பங்கும் தோட்டமும்

கண்டி மறைமாவட்டம் கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களைக் கொண்டது. அதிலிருந்து 1972 இல் பிரிந்த பதுளை மறைமாவட்டம் ஊவா மாகாணத்துக்குரியது. இப்பகுதித் தமிழ்க் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினர். ஒரு லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீட்டுத் தொடரில்) ஒன்றிரண்டு காம்பராக்களே (அறை வீடுகளே) வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகளாக இருக்கும். மற்றவை இந்துக் குடும்பங்கள். கலப்புத் திருமணம் இங்கே விதிவிலக்கு அன்று, அன்றாடம். பங்குத்தந்தை ஒருவர் பல தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், தோட்டத்துச் சிற்றாலயத்தில் பூசை மாதத்துக்கு ஒருமுறை கிடைத்தாலே பெரிது. இடைப்பட்ட நாட்களில் கோயில் என்பது அன்பியத்து (அயல்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு) அக்காமாரும் மரியாயின் சேனை என்ற பக்திச் சபைப் பெண்களும் நடத்தும் செபமாலைதான்.

சுகாதார ஏற்பாட்டிலும் இப்படி ஓர் இரட்டை நிலை உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரி நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்க, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, வீடு தேடிச் சென்று, கிளினிக்குக்கு வரவழைப்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் வேலை செய்யும் மருத்துவ மாதுவின் கடமை. மக்கள் அவரை ‘மிட்வைஃப் மிஸ்’ என்பார்கள். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் மட்டும் 31.7 சதவீதம். இந்த இடைவெளி பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு இடத்தில்) உருவாகும் முன்னரே, தாயின் வயிற்றிலேயே ஓரளவு உருவாகிவிடுகிறது.

ஒதுங்கியிருந்த காரணம்

இத்தாய் பிறப்பால் கத்தோலிக்கர். உறுதிபூசுதல் வரை பெற்றவர். கணவர் இந்து. பதிவுத் திருமணமும், கணவர் வீட்டு மாரியம்மன் கோயிலில் தாலி கட்டும் நடந்தன. கத்தோலிக்கக் கோயிலில் எதுவும் நடக்கவில்லை. நற்கருணை வாங்க முடியாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கோயிலுக்குள் வரவே கூடாது என்று அவர் விளங்கிக்கொண்டார். மலையகப் பங்குகளில் இந்தத் தவறான விளக்கம் எத்தனை குடும்பங்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது என்று எண்ணினால் வேதனையாக இருக்கும். திருமணம் ஒழுங்கில்லாதிருப்பது நற்கருணை பெறுவதற்குத் தடையாக இருக்கலாம். ஆசீர்வாதம் பெறவோ, செபத்தில் கலந்துகொள்ளவோ, பங்கின் உதவியைக் கேட்கவோ அது தடையே அன்று.

இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருந்தது. மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது. இரண்டாவது கர்ப்பம் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை இறந்து முடிந்தது. அந்தச் சிசுவுக்கு ஞானஸ்நானம் இல்லையென்பதால் சேமக்காலையில் (கத்தோலிக்கக் கல்லறையில்) இடமில்லை என்று பங்கில் மூத்த ஒருவர் சொல்லிவிட்டார். கணவர் தோட்டத்துப் புதைகாட்டின் ஓரத்தில் ஒரு செபமும் இல்லாமல் அடக்கிவிட்டு வந்தார். பங்குத்தந்தையிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும், யாரும் கேட்கவில்லை. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து, அதற்கு முன்பே இறந்துபோன பிள்ளைக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை நடத்த ஆயர் அனுமதி கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1183 ஆம் பிரிவு. ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளின் மீட்பைக் குறித்து நம்பிக்கைகொள்ளக் காரணம் உண்டு என்று பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு 2007 இல் விரிவாகவே எழுதியிருக்கிறது. அந்த எழுத்தெல்லாம் எங்கள் லயங்களை இன்னும் வந்தடையவில்லை.

சிலுவைப்பாதையில் தெரியவந்தது

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்தில் நடக்கும் சிலுவைப்பாதைக்கு, பூசைக்கு வராதவர்களும் வருவார்கள். இத்தாயும் வந்தார். மூன்றாவது வெள்ளியன்று பத்தாம் நிலைக்கு முன் மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து உட்கார வைத்த அன்பியப் பொறுப்பாளர் அவரோடு ஒரே மலையில் கொழுந்தெடுப்பவர். வாந்தியையும், பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) வராத காலைகளையும் ஏற்கெனவே கவனித்திருந்தார். விசாரித்ததில் மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. எங்கும் பதிவு செய்யவில்லை. போன பிள்ளைக்குக் கண்ணேறு பட்டதாக மாமியார் நம்பியதால், இம்முறை வயிறு தெரியும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று வீட்டில் தீர்மானித்திருந்தார்கள். அதற்கு மேல், இறந்த பிள்ளைக்குப் பரிகாரமாகத் தவக்காலம் முழுவதும் ஒருவேளை மட்டும் சாப்பிடுவதாக அவர் நேர்ந்திருந்தார்.

நோன்பு பதினெட்டு வயது நிறைந்தவர்களில் இருந்து அறுபதாம் வயது தொடங்கும் வரையுள்ளவர்களைக் கட்டுப்படுத்தும் என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுக்கிறோம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதற்கு விலக்கு என்பதை எந்தப் பிரசங்க மேடையில் இருந்தும் உரக்கச் சொன்னதாக நினைவில்லை. சாம்பல் புதனன்று வாசிக்கும் அறிவித்தலில் ஒரு வரி சேர்த்தால் போதும். மயக்கத்தை யாரும் பக்தியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதது அன்று நல்லகாலம்.

கர்ப்பம் எட்டு வாரத்தைக் கடக்கும் முன் பதிவு நடக்க வேண்டும் என்பதே அரச சுகாதார முறையின் எதிர்பார்ப்பு. இவர் பதின்மூன்றாவது வாரத்தில்தான் பதியப்பட்டார். தாமதம் தாமதமே; ஆனால் வயிறு தெரியும்வரை விட்டிருந்தால் இன்னும் இரண்டு மாதம் போயிருக்கும். மருத்துவ மாது தன் பிரிவில் பல தோட்டங்களைச் சுற்ற வேண்டியவர். ஒரு பெண் வாந்தியெடுக்கிறாள் என்பது அவர் காதுக்கு எட்டுவதற்கு முன் பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியும். பங்கிடம் இருப்பது இந்தப் பக்கத்துக் காம்பராதான். அரசிடம் மருந்தும் மருத்துவரும் அம்புலன்ஸும் உண்டு. யாருக்கு அது தேவை என்று முதலில் அறிகிறவர்கள் பங்கில் இருக்கிறார்கள். ஆகவே பங்கின் கர்ப்பிணிப் பணி தனிக் கிளினிக் ஒன்றை நடத்துவதாகவோ தனி நிவாரணக் கடையைத் திறப்பதாகவோ இருக்கத் தேவையில்லை; கதவு திறந்திருக்கும் இடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிச் செல்வதே அதன் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

கிளினிக் நாளின் விலை

முதல் தடவை அன்பியப் பொறுப்பாளரே கூடச் சென்றார். போகும் வழியில் அவர் வற்புறுத்திச் சொன்ன ஒரே விடயம், போன கர்ப்பத்தைப் பற்றி மிஸ்ஸிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது. எட்டாம் மாதத்தில் காலும் முகமும் வீங்கியது, தலையிடி வந்தது, இரண்டு நாள் அசைவு தெரியாமல் இருந்தது ஆகிய எல்லாவற்றையும் அவர் முதன்முறையாக ஒரு சுகாதார உத்தியோகத்தரிடம் சொன்னார். கர்ப்பிணி அட்டையில் அது எழுதப்பட்டது. அபாயம் கூடிய கர்ப்பமாக வகைப்படுத்தப்பட்டு, விசேட வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கும் அனுப்பப்பட்டார். இந்த முழுக் கர்ப்பத்திலும் பங்கு செய்த மிகப் பெரிய உதவி எதுவென்று கேட்டால், அந்த நடைவழிப் பேச்சையே சொல்வேன். அதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

மற்றதற்குச் செலவு இருந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் நிர்வாகம் கேட்கும் கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வேலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. கிளினிக்குக்குப் போய், வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, பஸ் பிடித்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். ஆகவே கிளினிக் இலவசம் என்பது பாதி உண்மை. மருந்துக்குக் காசு கேட்பதில்லை, ஆனால் அன்றைய பேர் போகிறது, பஸ்காசு போகிறது, ஸ்கூல் விட்டு வரும் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் தேவைப்படுகிறது. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபை பஸ்காசை ஏற்றுக்கொண்டது. பிள்ளையைப் பார்க்கும் முறை அன்பியத்து வீடுகளில் சுழற்சியாக வந்தது. போன பேருக்கு ஈடு செய்ய யாராலும் முடியவில்லை.

இரண்டாவது பரிசோதனையில் ஈமோகுளோபின் 9.1 ஆக இருந்தது. கர்ப்பிணிக்கு 11 க்குக் குறைந்தாலே குருதிச்சோகை. மாத்திரை கொடுத்தும் ஏன் ஏறவில்லை என்று மிட்வைஃப் மிஸ் கேட்டபோது, போடுகிறேன் என்றுதான் பதில் வந்தது. அடுத்த வாரம் வீட்டுக்குப் போன அன்பியப் பொறுப்பாளர், சாமி தட்டில், கர்ப்பிணிகளின் பாதுகாவலரான ஜெரார்டு மஜெல்லா புனிதரின் படத்துக்கும் மாரியம்மன் விபூதிக்கும் பக்கத்தில் இருந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தார். இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் அப்படியே அடுக்கியிருந்தன. முதல் அட்டையில் மட்டும் நாலு மாத்திரை குறைந்திருந்தது. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியிருக்கிறார். அந்த நாலையும் காலைத் தேத்தண்ணியோடுதான் விழுங்கியிருக்கிறார்.

“கறுப்பாப் போறது மாத்திரையால தங்கச்சி, அதுக்குப் பயப்புடாத. தேத்தண்ணியோட மட்டும் போடாத. ராவைக்குத் தண்ணியில போட்டுட்டுப் படு.”

தேயிலையில் உள்ள தனின் என்ற பொருள் உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. நாள் முழுவதும் தேயிலை பறித்து, மூன்று வேளையும் ரொட்டிக்கும் சம்பலுக்கும் துணையாகத் தேத்தண்ணியே குடிக்கும் ஒரு சமூகத்தில், கிளினிக்கில் அவசரமாகச் சொல்லப்படும் இந்த ஒரு குறிப்பு காற்றோடு போய்விடுகிறது. கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் போடக்கூடாது என்பதும் அப்படியே. நேரம் பிரித்துப் போட ஆரம்பித்த பிறகு ஏழாம் மாதத்தில் ஈமோகுளோபின் 10.4 க்கு வந்தது.

மாமியார்

கர்ப்பிணித் தாய்மாருக்கான வகுப்பு, கருத்தரங்கு என்று எதை நடத்தினாலும் இளம் தாயைத்தான் அழைக்கிறோம். லயத்து வீட்டில் அடுப்பும் அரிசியும் மாமியார் கையில் இருக்கின்றன. இவருடைய மாமியார் கெட்டவர் அல்லர். மருமகளை மலைக்கு அனுப்ப மனமில்லாமல் தானே இரட்டைச் சுமை சுமந்தவர். ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது: “நெறையத் தின்னா புள்ள பெருத்துரும், வயித்தக் கீறித்தான் எடுப்பாங்க.” அந்தப் பயத்தால் சோற்றின் அளவு குறைந்தது, பப்பாசியும் அன்னாசியும் விலக்கப்பட்டதோடு, கருவாடும் முட்டையும் சூடு என்று ஒதுக்கப்பட்டன. மாதத்துக்கு இரண்டு பொதியாகக் கிடைத்த திரிபோஷ என்ற சத்துமா, சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கப்பட்டது. ஒரு தாய்க்கென்று அளந்து கொடுத்ததைப் பசித்த பிள்ளைகளின் முன் ஒருத்தி தனியாகத் தின்ன மாட்டாள். இதைத் தவறு என்று சொல்லுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மரியாயின் சேனையில் இருந்த இரண்டு வயதான பெண்கள் மருமகளை விட்டுவிட்டு மாமியாரோடு பேசினார்கள். அவர்களும் பேரப்பிள்ளை பார்த்தவர்கள்; வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, தங்கள் வீட்டுப் பிரசவங்களின் கதையைச் சொன்னார்கள். சத்திரசிகிச்சை வேண்டிவருவது பிள்ளை பெருப்பதால் மட்டுமன்று, தாய்க்கு இரத்தமில்லாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து என்று கிளினிக்கில் கேட்டதைத் தங்கள் பேச்சில் சொன்னார்கள். அதன் பிறகு முட்டை அனுமதிக்கப்பட்டது. வாரத்துக்கு ஆறு முட்டையை அன்பியம் கொடுத்தது. மூத்த பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்ததால்தான் அது தாயின் தட்டுக்கும் போனது. ஏழாம் மாதத்தில் மாமியார் வளைகாப்பு வைத்தபோது அதே பெண்கள் வளையல் வாங்கிக்கொண்டு போனார்கள். அது இந்துச் சடங்காயிற்றே என்று பங்கில் ஒருவர் முணுமுணுத்தார். அவருக்குப் பங்குத்தந்தை கொடுத்த பதில் ஒரு சிரிப்புத்தான்.

ஆசீர்வாதமும் பொருட்பொதியும்

மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா மே 31 அன்று வருகிறது. ஒரு கர்ப்பிணி மலைநாட்டுக்கு விரைந்து சென்று இன்னொரு கர்ப்பிணியோடு மூன்று மாதம் தங்கிய நிகழ்ச்சி அது. எங்கள் பங்கில் அதையொட்டிய ஞாயிறன்று கர்ப்பிணிகளுக்கு ஆசீர்வாதம் வழங்கப்பட்டது. திருச்சபையின் ஆசீர்வாத நூலில் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கான செபங்கள் உண்டு. முந்தின வாரம் பங்குத்தந்தை லயத்துக்கு வந்தபோது, “எங்களுக்குக் கோயில்ல கல்யாணம் இல்லீங்களே ஃபாதர், நான் வரலாமா?” என்று இத்தாய் கேட்டார். “வாங்கம்மா, மாமியாரையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்பதோடு பேச்சு முடிந்தது. திருமணத்தை ஒழுங்குபடுத்தும் பேச்சை அன்று அவர் எடுக்கவில்லை. உதவியையும் ஆசீர்வாதத்தையும் திருவருட்சாதனத்துக்கு முன்பணமாக வைக்கக்கூடாது என்ற அவருடைய முடிவு சரியானது என்றே எண்ணுகிறேன். பிள்ளை பிறந்த பின், கணவர் தாமாகவே அதைப்பற்றி விசாரித்தார்.

அதே ஞாயிறன்று ஒரு பிழையும் நடந்தது. விசுவாசிகள் மன்றாட்டில், இத்தாயின் பெயரைச் சொல்லி, முன்பு பிள்ளை இறந்ததையும் குறிப்பிட்டு ஒருவர் செபித்துவிட்டார். நல்லெண்ணம்தான்; ஆனால் இத்தாய் கிளினிக்கில் தயங்கித் தயங்கிச் சொன்ன விடயம் ஒலிபெருக்கியில் போனது. மூன்று வாரம் அவர் யாரோடும் பேசவில்லை. ஒருவரின் கர்ப்பத்தைப் பற்றிப் பங்குக்குத் தெரிவது அவருடைய நம்பிக்கையால் கிடைத்தது. பெயரின்றி ‘நம் பங்கின் கர்ப்பிணித் தாய்மாருக்காக’ என்று செபித்தாலும் ஆண்டவருக்கு ஆள் தெரியும்.

பொருட்பொதியிலும் சிக்கல் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு நன்கொடையாளர் அனுப்பிய பைகளில் குழந்தைத்துணியோடு சிசுப் பால்மா டின் ஒன்றும் இருந்தது. பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுறுத்தல். தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவை இலவசமாக வழங்கி ஊக்குவிக்கக்கூடாது என்று 1981 ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவனக் கோவையும் சொல்லுகிறது. மிட்வைஃப் மிஸ் பங்குத்தந்தையிடம் நேரடியாக முறையிட்டார். வீட்டில் ஒரு டின் இருந்தால், பிள்ளை முதலில் அழும் இரவிலேயே அது திறக்கப்படும். திறந்தால் அடுத்த டின்னுக்கு வழியில்லை. தண்ணீர் கலந்து மெல்லியதாகக் கரைக்கத் தொடங்குவார்கள். டின்கள் திருப்பி எடுக்கப்பட்டு, சிறுபயறும் நெத்தலியும் வைக்கப்பட்டன. நன்கொடையாளருக்கு மனத்தாங்கல். அவருக்குக் கடிதம் எழுதி விளக்கும் வேலை இன்னும் பாக்கி.

ஆகஸ்ட் இரவு

மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளுக்கான நவநாள் நடந்துகொண்டிருந்த வாரத்தில், முப்பத்தாறாவது வாரக் கர்ப்பத்தில், இரவு ஒன்பது மணிக்கு அவருக்குத் தலையிடியும் கண் மங்கலும் வந்தன. முகம் வீங்கியிருந்தது. போன தடவை எது எப்படித் தொடங்கியது என்று தெரிந்திருந்ததால் மாமியார் விடியும்வரை காத்திருக்கவில்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைப்பு எடுக்கப்பட்டது. அம்புலன்ஸ் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வரை வரும்; அதற்கு மேல் மேற்கணக்கு (தோட்டத்தின் மேற்பிரிவு) லயத்துக்கு ஏறும் பாதை மழையில் அறுந்து கிடந்தது. முன்பே எழுதிவைத்திருந்த பட்டியலின்படி இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்து, கதிரையில் உட்கார வைத்து, தார்ப்பாயை மேலே பிடித்துக்கொண்டு ஸ்டோர் வரை இறக்கினார்கள்.

வைத்தியசாலையில் குருதி அமுக்கம் 160/110 ஆக இருந்தது. சிறுநீரில் புரதமும் காணப்பட்டது. கர்ப்பகால உயர் குருதி அமுக்கம் வலிப்புக்குப் போகும் முன் கட்டுப்படுத்தப்பட்டு, பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு, முப்பத்தேழாவது வாரத்தில் சத்திரசிகிச்சை மூலம் பெண்பிள்ளை பிறந்தது. நிறை 2.3 கிலோ. 2.5 க்குக் குறைந்தால் நிறைகுறைந்த பிள்ளை என்பது கணக்கு. ஆகவே இது முழு வெற்றிக்கதை அன்று. அட்டையில் முன்னைய இழப்பு எழுதப்பட்டிருந்தபடியால் மருத்துவர்கள் எதையும் புதிதாக விசாரித்து நேரம் கழிக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு

எல்லாரும் பார்க்க வருவது முதல் வாரத்தில். உதவி தேவைப்படுவது அதற்குப் பிறகு. வெட்டுக்காயத்தோடு குழாயடியில் இருந்து தண்ணீர் தூக்க முடியாது. விறகு பொறுக்க முடியாது. கணவர் கொழும்பில் கட்டட வேலை செய்பவர். ஒரு வாரம் நின்றுவிட்டுப் போனார். மருத்துவ மாது முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை வந்து காயத்தையும் பால் கொடுப்பதையும் பார்த்தார். தண்ணீரும் விறகும் நாற்பத்திரண்டாம் நாள்வரை அன்பியத்தின் பொறுப்பாயிற்று. குளித்துத் துவைத்துக்கொள்ள வெந்நீர் வைத்துக் கொடுத்த பக்கத்துக் காம்பராப் பெண் இந்து. அவரையும் அன்பியத்தின் கணக்கில் சேர்த்துச் சொல்வது எங்கள் பங்கில் ஒரு பழக்கமாகிவிட்டது.

பணவிடயத்தில்தான் கடும் இழுபறி. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் 84 நாள் விடுமுறைக்கான கொடுப்பனவு உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து நாட்களைக் குறைக்கும் பழைய பாகுபாடு 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. ஆனால் அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். தோட்ட ஆபிஸில் நாள் போதாது என்று முதலில் சொல்லப்பட்டது. பங்குச் சபையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் சேர்ந்து சென்று, செக்ரோலை (வேலைநாட் பதிவேட்டை) மாதம் மாதமாகப் பார்க்கக் கேட்டார்கள். கூட்டிப் பார்த்ததில் நாள் நிறைந்திருந்தது. இரண்டு மாதக் கணக்கு விடுபட்டிருந்தது. கொடுப்பனவு தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. செக்ரோலைத் தாயே பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் ஆசிரியர் தேவைப்பட்டிருக்க மாட்டார். கைக்காசுக்கு மட்டும் வேலை செய்யும் பெண்களுக்கோ பார்ப்பதற்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. அவர்களுடைய பிரசவங்களுக்கு எங்களிடம் இன்னும் விடையில்லை.

அடுத்த கர்ப்பத்துக்குப் போதிய இடைவெளி வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். இங்கே பங்கு ஒரு நெருக்கடியில் நிற்கிறது. 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்த காலத்தை மூத்த பெண்கள் மறக்கவில்லை. அந்தச் சந்தேகம் கிளினிக்கின் மீதே இன்றும் ஓரளவு படிந்திருக்கிறது. திருச்சபை இயற்கை முறையைத்தான் போதிக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி பெற்ற தம்பதியர் எங்கள் பங்கில் யாருமில்லை. மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் கணவனைக் கொண்ட, பாலூட்டுவதால் மாதவிடாய் சீராகாத ஒரு பெண்ணிடம் போதனையை மட்டும் சொல்லிவிட்டு முறையைக் கற்பிக்க ஆளனுப்பாமல் இருப்பது நியாயமன்று. இதை மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அதற்கிடையில் கிளினிக்குக்குப் போவதைத் தடுக்கும்படியான எந்தப் பேச்சையும் பங்கின் பெயரால் யாரும் பேசக்கூடாது என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார்.

பிள்ளைக்கு மூன்றாம் மாதத்தில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. நவம்பர் 2 ஆம் திகதி சேமக்காலை மந்திரிப்புக்கு (ஆசீர்வாதத்துக்கு) பிறகு, பங்குத்தந்தை புதைகாட்டு ஓரத்துக்கும் சென்று, இறந்த பிள்ளைக்காகச் செபித்தார். கணவரும் மாமியாரும் உடனிருந்தார்கள். தாய் இப்போது வேலைக்குத் திரும்பியிருக்கிறார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட, பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் தலா அரை மணி நேர இடைவேளை நாளுக்கு இரண்டு தரவேண்டும் என்பது சட்டம். மலையில் இருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி ஏறவே அரை மணி நேரம் போதாது. மலையை மாற்றிக் கொடுக்கும்படி தலைவர் மூலம் கேட்டிருக்கிறார்.

அந்த ஆகஸ்ட் இரவுக்குப் பின், ஸ்டோரில் காத்திருக்க அம்புலன்ஸ் கிடைக்காத வேளைகளுக்கென்று, பங்கில் ஒருவரின் வான் இணக்கம் பேசி வைக்கப்பட்டுள்ளது. டீசல் செலவைப் பங்கு நிதி ஏற்பதா, வின்சென்ட் டி போல் சபை ஏற்பதா என்பது பங்குச் சபையில் இரண்டு கூட்டமாக இழுபடுகிறது. மேற்கணக்கில் இப்போது மூன்று கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அடுத்த மாதம் நாள்.